டக்காரில் எடுத்த கடைசிப் படம்

கனடாவில், மொன்றியலை அடுத்த கர்க்லாண்டில், பேராசிரியர் பாலசந்திரன் வீட்டு வரவேற்பறைச் சுவரில் என் கணவர் சாரங்கன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சுற்றிவர இருந்தவர்கள் முறுக்கைக் கடித்தபடி ஸ்லைட் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தாட்சாயினியோட ஹஸ்பண்ட். டக்கார்ல எங்களுக்கு இவர்தான் கைடு" என்றார் பாலசந்திரன். சம்பளமில்லாத கைடு என்பதை மட்டும் சொல்லவில்லை.

நானும் சாரங்கனும் கொழும்பிலிருந்து ஒன்றாகத்தான் புறப்பட்டோம். ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவில் செனகல் வரைக்கும் கொண்டுவந்து, என்னை மட்டும் மொன்றியலுக்கு ஏற்றிவிட்டு, அவருடைய பாஸ்போர்ட்டோடு ஓடிவிட்டான். டக்காரில் மீன் விற்கும் யோசெப்பின் என்கிற மனுசி அவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தாள். மூன்று வருடம் போய்விட்டது. எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்து, அவரைக் கூப்பிட விண்ணப்பித்து, இந்தத் தொண்ணூற்றாறில்தான் விசா கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. இந்த நேரத்தில் பொலிஸில் மாட்டினால் எல்லாம் போச்சு. ஞாயிறுதோறும் யோசெப்பின் வீட்டுக்கு முன்னாலிருக்கும் தொலைபேசிக் கடையிலிருந்து எனக்குக் கோல் எடுப்பார். போன ஞாயிறு எடுக்கவில்லை. அவரைக் கண்டவர்களிடம் சேதி கேட்கத்தான் நான் பாலசந்திரன் வீட்டுக்குப் போனேன்.

பாலசந்திரன் சேர் மனைவி அம்புஜத்தோடு மாநாட்டுக்கு டக்கார் போகிறார் என்று கோயிலில் கேள்விப்பட்டு நானேதான் சாரங்கனின் விலாசம் கொடுத்தேன். இதே வீட்டில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னேன். கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். பொலிஸ், ஆமி இருக்கிற பக்கம் கமராவை வெளியிலேயே எடுக்காதீர்கள். விலை கேட்பதற்கு முன் சுகம் கேளுங்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே தாம்பாளத்தில் வரும், உங்கள் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுங்கள். சேர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேணும்.

அடுத்த படம் யோசெப்பின் வீட்டு முற்றம். நடுவில் சோறும் கரட்டும் முட்டைக்கோவாவும் நிறைந்த பெரிய தாம்பாளம். யோசெப்பின் கையால் முகத்தை மறைத்திருந்தாள். மறைத்த பிறகும் எடுத்திருக்கிறார்.

"எல்லாரும் ஒரே தட்டுல கையை விடறா. ஒரே எச்சில்! நல்லவேளை, அம்புஜம் பையில புளியோதரை வெச்சிருந்தா. மூலையில உக்காந்து அதைச் சாப்பிட்டோம்" என்றார் பாலசந்திரன்.

கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் சைவம் என்று நான் சொல்லியனுப்பியதற்காக, மீன் விற்கிறவள் அன்றைக்கு மீனே போடாமல் சமைத்திருக்கிறாள். இவர்கள் மூலையில் போய்ப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள். அதை இங்கே வந்து பகிடியாகவும் சொல்கிறார்கள்.

"இதுக்கப்புறம் படம் இல்லை. கேமராவே போச்சு! அது ஒரு பெரிய காமெடி" என்று பாலசந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு பழைய வெள்ளைக் கட்டடம், அவ்வளவு அழகு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படத்துலகூட இல்லையேன்னு சாரங்கன் கையில கேமராவைக் கொடுத்தேன். 'வேண்டாம் சேர், ஆமி இடம்'னார். ஒண்ணே ஒண்ணுப்பான்னேன். க்ளிக்குன்னதும் நாலு பேர் ஓடி வந்துட்டா."

"பேந்து?" என்றேன்.

"கனடா பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் எங்களுக்கு மரியாதை. இவன் உங்க ஆளான்னு கேட்டான். யாருன்னே தெரியாது, கேமராவும் எங்களோடது இல்லைன்னுட்டேன். அந்த நேரத்துல அந்த யோசனை வந்ததே, அதைச் சொல்லுங்கோ!"

"அவர் எங்கை?"

"ஜீப்புல ஏத்திண்டு போனா. விசாரிச்சுட்டு விட்டிருப்பாம்மா. எங்களுக்கு அன்னிக்கு சாயந்தரமே பிளைட்."

நான் எழுந்த வேகத்தில் முறுக்குத் தட்டு கவிழ்ந்தது. யாரையும் கேட்கவில்லை. மூலையில் இருந்த போனை எடுத்து, டக்கார் தொலைபேசிக் கடைக்கு அடித்தேன். கடைக்காரன் யோசெப்பினைக் கூட்டிவந்தான். என் குரலைக் கேட்டதும் அவள் அழுதாள். சாரங்கன் பொலிஸ் மறியலில் அடைபட்டிருக்கிறார். அவள்தான் தினமும் சோறு கொண்டுபோகிறாள். கமராவின் சொந்தக்காரர் நேரில் வந்து சொன்னால் விடுவார்களாம். இல்லாவிட்டால் வேவு பார்த்தவர் என்று கொழும்புக்கு ஏற்றிவிடுவார்களாம். அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவள் பிரெஞ்சில் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி அப்படியே தமிழில் சொன்னேன்.

"சேர், நீங்கள் போய்ச் சொல்ல வேணும்."

"நான் திரும்ப அங்க போறதா? பொய் சொன்னேன்னு என்னையே உள்ள வெச்சுட்டா? யூனிவர்சிட்டியில என் பேர் என்ன ஆறது? திங்கட்கிழமை ஒரு லாயரைக் கேட்டுப் பார்க்கலாம்மா."

"உங்கடை பேரோ? கொழும்பில இறக்கினா அவரைப் பேந்து ஆர் காண்பினம்? உங்களுக்குப் போனது ஒரு கமரா. எனக்கு என்ரை மனுசன்! பாஷை தெரியாத ஊரில ஒரு மீன்காரி அவரைத் தன்ரை ஆள் எண்டு சொல்லிக்கொண்டு பொலிசுக்கு அலையிறாள். பக்கத்தில நிண்டு தமிழ் கதைச்ச நீங்கள் அவரைத் தெரியாது எண்டு சொன்னியள். வெக்கமா இல்லையே?"

யாரோ ஸ்லைட் மெசினை நிறுத்தினார்கள். அதுவரை சமையலறை வாசலில் நின்ற அம்புஜம் முன்னுக்கு வந்தார்.

"ஜீப்புல ஏத்தறச்சே என்னைக் கூப்பிட்டார்" என்றார். "'அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ'ன்னார். நான் வேற பக்கம் பார்த்துண்டு நின்னேன்."

உள்ளே போனார். தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அது என் கேமரா. என் பிறந்தநாளுக்கு இவர் வாங்கிக் கொடுத்தது. நான் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று பாலசந்திரன் கத்தினார். அம்புஜம் அவர் பக்கம் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினார்.

வேறொரு நாளாக இருந்தால் அதைப் பார்த்து நான் இரங்கியிருப்பேன். அன்று இரக்கமும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. யோசெப்பின் இன்னும் போனில் நின்றாள். ரிசீவரை அம்புஜத்தின் காதில் வைத்து அழுத்தினேன்.

"எண்டைக்கு வாறியள் எண்டு அவவுக்குப் பிரெஞ்சில சொல்லுங்கோ" என்றேன். "நாளைச் சொல்லாமல் போனை வைக்க விடமாட்டன்."