முந்திப் பழுத்த நஞ்சுக்கொடி

மூத்த மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை. பதினோரு வருஷமாக ஊரார் வயிற்றையெல்லாம் பார்த்துச் சொன்னவளைச் சொந்த வயிறு மூன்று முறை ஏமாற்றிவிட்டது. போதாக்குறைக்கு, கொழுந்தன் பெண்டாட்டி வந்த ஏழாம் மாதமே தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஃபேன் காற்றுகூட இளையவள் பக்கம்தான் திரும்பியது. "அவ தூங்குறா, மிக்ஸிய அப்புறம் போட்டுக்கோ" என்பார் மாமியார். மூத்தவளுக்கு உள்ளுக்குள் மிக்ஸி ஓடும்.

முப்பத்திமூன்றாவது வாரம் இளையவள் அவளுடைய மேஜையிலேயே வந்து படுத்தாள்.

"நீங்க பாத்தா எனக்குப் பயமே இல்லக்கா."

மூத்தவள் ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்தினாள். திரையில் நஞ்சுக்கொடி முழுக்கச் சுண்ணாம்பு படிந்து வெள்ளை வளையங்கள். பிறக்கும் தருவாயில் இப்படி இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதுவோ ஏழு வாரம் முன்னாலேயே கிழடு தட்டியிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. 'உனக்கும் ஒண்ணு குறைஞ்சுதா' என்று மனசு குளிர்ந்தது. ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அது வந்ததை அவளே பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, பேசவே மாட்டேங்கறீங்க?"

"பிள்ளை நல்லா இருக்கு. நஞ்சுக்கொடிதான் கொஞ்சம் முந்திப் பழுத்திருக்கு. ரத்தம் சரியாப் போகுதான்னு பாக்கணும், அசையாம படு."

ரத்த ஓட்டத்தில் குறையில்லை, பிள்ளையின் எடைதான் கம்மி. வாரம் இரண்டு முறை பார்க்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் இளையவளைத் தாங்குவது இரட்டிப்பானது. "நீ இருக்கறதுதான் எங்களுக்குத் தைரியம்" என்றார் மாமியார், மூத்தவளிடம். 'அதுக்காவது ஆனேனே' என்று நாக்கு நுனி வரை வந்ததை மூத்தவள் விழுங்கிக்கொண்டாள். இளையவளின் ஸ்கேனை மட்டும் வேறு யாரையும் தொட விடவில்லை. அக்கறையா வீம்பா, அவளுக்கே தெரியாது.

முப்பத்தாறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொப்பூழ்க்கொடியில் ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு நின்று நின்று போனது. மறுபடி பார்த்தாள். அதேதான். படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"இன்னைக்கே எடுத்தாகணும் டாக்டர்."

"அதை நான்ல சொல்லணும்?" என்றபடி படத்தை வாங்கிப் பார்த்தவர், உடனே ஆபரேஷன் அறைக்கு ஃபோன் செய்தார்.

பெண் பிள்ளை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஆனால் குரல் கணீரென்று இருந்தது. நர்ஸ் தட்டில் வைத்திருந்த நஞ்சுக்கொடியை மூத்தவள் கையுறை விரலால் அழுத்திப் பார்த்தாள். மணல் மாதிரி நறநறத்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றி அவளிடம்தான் கொடுத்தார்கள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இளையவள் பால் கொடுப்பாள் என்று நினைத்தபோதே வயிறு எரிந்தது. வெளியே மாமியார் கையை நீட்டினார்.

"கொடும்மா, நானும் பாக்கறேன்."

"கொஞ்சம் இருங்க அத்தை, இப்பதான் கண்ணைத் திறக்குது" என்று பிள்ளையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.