முரளிதரன் வாங்கிய மலிவு ஸ்கோப்

முரளிதரன் பபேடான் கடைத்தெருவில் ஒன்றரை லட்சம் கியாட் கொடுத்து வாங்கிய ஸ்கோப், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டவில்லை. தூக்கிக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்தது. பெட்டியின் மேல் மூன்று மடங்கு என்று அச்சிட்டிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அதைச் செய்தவன் பொய் சொல்லவில்லை என்பதை அவன் ஊரான மாவ்பியில் அடிவைத்து அளந்துபார்த்த எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மற்ற விஷயங்களில் யாரும் யாரையும் நம்பாத வருஷம் அது. தேநீர்க் கடையில் புதிதாக ஒருவன் வந்து உட்கார்ந்தால் பழைய ஆட்கள் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

முரளிதரனுக்கு ரெண்டு ஏக்கர் மரவள்ளி இருந்தது, அதைத் தோண்டித் தின்னக் காட்டுப்பன்றிகள் இருந்தன, அவற்றைச் சுட அவன் அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி அனுமதிச் சீட்டோடு இருந்தது. இல்லாமல் போனது பார்வைதான். ஐம்பது வயதில் விடியற்காலை வெளிச்சத்தில் பன்றியும் புதரும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. முந்தின மழைக்காலத்தில் மூன்று தோட்டாக்கள் வீண். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் ஒரு ஜீப் வந்து எதைச் சுட்டாய், ஏன் சுட்டாய், பன்றி எங்கே என்று கேட்டது. பன்றியைக் காட்ட முடியாதவன் பாடு திண்டாட்டம்தான். அதனால் இனிமேல் சுட்டால் தப்பக் கூடாது என்று அவன் ஸ்கோப் வாங்கப் புறப்பட்டான்.

பபேடானில் மூக்குக்கண்ணாடியும் பைனாகுலரும் விற்கும் பர்கத்துல்லாவின் கடைக்கு, ஷட்டர் பாதி ஏறும்போதே போய் நின்றான். போணி ஆகாமல் முதல் ஆளைத் திருப்பி அனுப்ப பர்கத்துல்லாவுக்கு மனசு வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ஸ்கோப் என்ற சொல் கேட்டதும் அவர் தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்தார். "யாருக்குத் தம்பி?" என்றார். "பன்னிக்கு, பாய்" என்றான். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அனுமதிச் சீட்டை வாங்கி ரெண்டு தடவை படித்தார். அதற்கப்புறம்தான் அலமாரி திறந்தது. எட்டு லட்சத்துக்கு ஒன்று, மூன்றரை லட்சத்துக்கு ஒன்று, பெயரே இல்லாமல் ஒன்று. "வேட்டைத் துப்பாக்கிக்குப் பெரிய ஸ்கோப் எதுக்கு? ரவை அம்பது அடி வைக்கிறதுக்குள்ள செதறிடும். மூணு மடங்கு போதும். ஆனா நல்லா ஒதைக்கும், அதனால கண்ணை நாலு விரக்கடை தள்ளி வச்சும் தெரியணும், இல்லாட்டி புருவம் கிழிஞ்சிடும். இந்தா, இதுல தெரியும்." ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு, பெயர் இல்லாததால் என்றார். முரளிதரன் அதை நம்பவில்லை. ஆனாலும் வாங்கினான், ஏனென்றால் அவனிடம் இருந்தது அவ்வளவுதான். கிளம்பும்போது பர்கத்துல்லா ஒன்று சொன்னார்: "காகிதத்த ஒட்டி மூணு தோட்டா சுட்டுப் பாத்து, கூட்டல் குறியச் சரி பண்ணிக்க. மறந்துடாத."

அவன் மறக்கவில்லை, வேண்டுமென்றே செய்யவில்லை. மூன்று வெடிச் சத்தம் என்றால் மூன்று ஜீப். காகிதத்தைச் சுட்டேன் என்று சொன்னால் எந்த அதிகாரி நம்புவான்? சுடாமலே இருந்தான். போதாக்குறைக்கு, பெட்டியில் வந்த பிடி லொடலொடவென்று ஆடியதால், இரும்புக் கேட் செய்பவனிடம் கொண்டுபோய் ஸ்கோப்பைக் குழலோடு சேர்த்துப் பற்றவைத்துக்கொண்டான். இனி அந்த ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் அதன் மேல் துப்பாக்கி நீட்டியாக வேண்டும்.

முதல் நாள் விடிகாலையில் வயல் ஓரத்துப் பன்றியைக் கூட்டல் குறிக்குள் கொண்டுவந்தான். பன்றி வரவில்லை. இருநூற்றெழுபது அடிவைப்பு தள்ளி இருந்த சாந்தகுமாரியின் வீடு, அடுப்புப் புகையோடு தொண்ணூறு அடிவைப்புக்கு வந்து நின்றது. சாந்தகுமாரி தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்து, "ஏன் கோ முரளி, உங்க வீட்ட எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்று பர்மியர் மாதிரி அண்ணனுக்குக் 'கோ' போட்டு அதட்டினாள். பன்றி ஓடிவிட்டது. மறுநாள் அதே ஓரத்தில் அதே பன்றி. வீடு முப்பதுக்கு வந்தது. சாந்தகுமாரிதான் இரவோடு இரவாக வீட்டை நகர்த்துகிறாள் என்று முரளிதரன் சந்தேகப்பட்டான். மூன்றாம் நாள் வீடு கண்ணெதிரே பத்து அடிவைப்புக்கு வந்து, அவன் கொல்லைக் கதவைத் தட்டாத குறையாக நின்றபோதுதான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டான். அளக்க வந்தவர்கள் சங்கிலியைப் போட்டார்கள், இடையில் இருந்த நிலம் எங்கேயும் காணோம், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். வட்டார அலுவலகத்துக்கு நிலம் பெரிதில்லை. அந்த வீடு இப்போது எந்த வார்டு குடும்பப் பட்டியலில் வரும், ராத்திரி அங்கே தங்குபவர்கள் பெயரை யாரிடம் எழுத வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

அவன் பொண்டாட்டி கலாவின் கவலை வேறு. சாந்தகுமாரியின் புருஷன் மலேசியா போய் ஆறு வருஷம் ஆகிறது. முரளிதரனுக்கும் கலாவுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்.

"நான் பன்னியத்தான் பாத்தேன் கலா."

"பன்னியப் பாத்தா பன்னி வரணும். ஒத்தப் பன்னிகூட வரலையே. அவ வீடு மட்டும் மூணு தடவ வருது."

அடுத்தவன் சீட்டில் இருக்கும் துப்பாக்கியைத் தொட்டால் உள்ளே போக வேண்டிவரும் என்பதால் ஊரில் ஒருவரும் அதை எடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. சந்தேகப்படுவதற்குச் சோதனை எதற்கு? நாலு நாள் அவள் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டே வைத்தாள். ஐந்தாம் நாள் காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டு, லைங் தாயாவில் தையல் ஃபாக்டரியில் இருக்கும் தங்கச்சியிடம் போகிறேன், திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிச் சந்து முனையில் பஸ்ஸுக்கு நின்றாள்.

ஸ்கோப்பில் பார்த்தால் பொண்டாட்டி தானாக வந்துவிடுவாள் என்று பக்கத்து வீட்டுத் தமிழ்மணி யோசனை சொன்னான். "அடப்பாவி! பொண்டாட்டி மேல துப்பாக்கிய நீட்டச் சொல்றியா?" என்று முரளிதரன் அவனை அடிக்கப் போனான். பிறகு துப்பாக்கியைக் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடி, அதைக் கலாவின் கையில் கொடுத்தான்.

"நீ என்னப் பாரு. நான் கேட்கிட்ட போய் நிக்கிறேன்."

"தோட்டா?"

"இல்ல. தெறந்து பாத்துக்க."

அவள் அவன் சொல்லை நம்பாமல் திறந்து, குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள். அவன் போய் நூற்று முப்பத்தைந்து அடிவைப்பு தள்ளி, கேட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டல் குறியை அவன் நெஞ்சில் வைத்தாள். அவன் வரவில்லை. அவள் பார்வைக்குக் கேட்டின் இடப்பக்கம் நின்ற வாழை மரம் தாரோடு நாற்பத்தைந்து அடிவைப்புக்கு வந்தது. "பாத்தீங்களா, என்கிட்ட வரக்கூட மனசில்ல" என்று கத்திவிட்டு மறுபடி வைத்தாள். வாழை பதினைந்துக்கு வந்தது.

கலா துப்பாக்கியை இறக்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் லைங் தாயாவில் அவளும் எட்டு வருஷம் சட்டைக் கை தைத்தவள். அங்கே அவளுக்குக் கிடைத்த மெஷினில் ஊசி எப்போதும் ஒரு நூல் இடப்பக்கம் விழும். மெக்கானிக் வர மாட்டான். அவள் துணியை ஒரு நூல் தள்ளிக் கொடுத்துத்தான் நேராகத் தைப்பாள். வாழையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பன்றி மேயும் ஓரத்தையும், அதற்கு இடப்பக்கம் அந்த வீடு முன்பு இருந்த இடத்தையும் நினைத்துப் பார்த்தாள். "ஐயோ, கோணல் சாமான வாங்கிட்டு வந்திருக்காரே இந்த மனுஷன்!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

துப்பாக்கியைத் தூக்கினாள். தன் பார்வைக்கு வலப்பக்கம், அவனை விட்டு ஒரு சாண் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் குறி வைத்தாள். முரளிதரன் கட்டிய கையோடு நாற்பத்தைந்துக்கு வந்தான். பதினைந்துக்கு வந்தான். ஐந்துக்கு வந்தான். ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அவன் அழுதுகொண்டிருப்பது ஸ்கோப் இல்லாமலே தெரிந்தது.

"நீங்க பன்னியத்தான் பாத்திருக்கீங்க" என்றாள்.

"அதத்தானே சொன்னேன்."

பஸ் வந்தது. கலா துப்பாக்கி மேல் கைலியைச் சுற்றினாள். ஒரு ஆள் நடக்காமல் சந்து வழியே வந்து சேர்ந்ததைக் கண்டக்டர் தூரத்திலிருந்தே பார்த்திருந்தான். கதவில் தொங்கியபடி, "ஒரு டிக்கெட்டா, ரெண்டா?" என்று பர்மியில் கேட்டான்.

"யாரும் ஏறல, போங்க" என்றாள் கலா.