ஜன்னலோரத்து பியோ தேஷிக்

விலகல் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. மாணவனுக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, துறைப் பேராசிரியருக்கு ஒன்று. முதல் கட்டத்தில் பியோ தேஷிக் என்று நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷக் கல்லூரி வாழ்க்கையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதிய ஒரே பதில் அது.

இரண்டாவதற்கு அம்மாவின் முத்திரை வேண்டும்; எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதில் பெயர் செதுக்கிய முத்திரையும் செல்லும். போனில் கேட்டபோது எதற்கு என்றாள். காலேஜ் விஷயம் என்றேன். காலேஜ் விஷயம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும், தெளிவாக விழாவிட்டால் இரண்டு தடவை குத்திக்கொள் என்று சொல்லி, அனுப்பியும் வைத்தாள். முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவோடு அதே பெட்டியில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி வந்தது. குத்தும்போது பூண்டு வாசனை அடித்தது. தெளிவாகவே விழுந்தது.

மூன்றாவது கட்டம் மேங் பேராசிரியருடையது. அது மட்டும் காலியாக இருந்தது. அன்றைக்கு மாலை ஐந்து மணி வரை நேரம்.

எங்கள் கல்லூரியில் சராசரி மதிப்பெண் ஓர் அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் நீக்கிவிடுவார்கள். நான் இரண்டு வாங்கியிருந்தேன். எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்குத்தான் போகும். இரண்டு தடவையும் நான் எங்கள் ஊர் கோச்சாங்குக்கு பஸ் பிடித்துப் போய், தபால்காரர் வரும் தெருமுனையில் நின்று வாங்கிக்கொண்டேன். இரண்டாம் தடவை அவர் என்னிடம் எந்தப் பெண்ணின் கடிதம் என்று விசாரித்தார். மூன்றாவது, பதிவுத் தபால். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மறுநாள் மதியம் மதிப்பெண்கள் முடிவாகிவிடும். அதற்குள் நானாகவே விலகிவிட்டால் தபாலும் இல்லை, நீக்கமும் இல்லை. என்றைக்காவது புத்தி வந்தால் திரும்பச் சேர விண்ணப்பிக்கலாம். அப்பாவிடம் நானே நேரில் சொல்லிக்கொள்ளலாம். எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியாது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் ஊர்முனையில் என் பெயர் போட்டு வாழ்த்து பேனர் கட்டினார். இப்போது அது எங்கள் வீட்டு முட்டைக்கோஸ் குவியலை மூடிக் கிடக்கிறது. எழுத்து வெளியே தெரிகிற மாதிரிதான் மூடியிருக்கிறார்.

ஏன் இப்படி ஆனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு வகுப்பு. எட்டரைக்குக் காலணி மாட்டிக்கொண்டு அறைக் கதவுக்கு முன்னால் நிற்பேன். கதவில் ஒரு கோளாறும் இல்லை, நன்றாகவே திறக்கும். ஒன்பதேகாலுக்குக் காலணியைக் கழற்றிவைப்பேன். அந்த செமஸ்டர் முழுக்க ஒரு நாள் தவறாமல் நான் செய்தது இது.

அப்படியும் மண் இயக்கவியலில் எனக்கு நூற்றுக்கு நூறு வருகைப்பதிவு. அதற்குக் காரணம் இன்கியூ அண்ணன். ராணுவத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த, வேறு துறையின் கடைசி வருஷ மாணவர். ஆகஸ்டில் இணையத்தில் பாடங்களுக்குப் பதிவு செய்கிற அன்று பிரௌசிங் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. இடங்கள் சில நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நூடுல்ஸ் ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்து அவர் ஒரு நொடி தாமதமாக அழுத்தினார். நான் தூக்கக் கலக்கத்தில் தவறுதலாக அழுத்தினேன், எனக்குக் கிடைத்தது. பொறியாளர் உரிமத் தேர்வுக்கு அந்தப் பாடம் அவருக்கு வேண்டும். எனக்கு இடம் இருந்தது, போக முடியவில்லை. அவருக்குப் போக ஆசை, இடம் இல்லை. உன் பேர் சும்மாதானே கிடக்குது, நான் போய் உட்காருறேன் என்றார். உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டபோது கை தூக்கினார். தேர்வன்றைக்கு அடையாள அட்டை பார்ப்பார்கள் என்பதால் அதை மட்டும் நான் போய் எழுதினேன். பதினொன்று வாங்கினேன்.

மண் இயக்கவியல் நடத்துபவரும் மேங் பேராசிரியர்தான். மூன்றரை மணிக்கு அவர் அறைக்குப் போனேன். படிவத்தைப் படித்தவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"தேஷிக் எங்க? வெளிய நிக்கிறானா?"

நான்தான் சார் தேஷிக் என்றேன். அவர் கோபப்படவில்லை. நண்பனுக்காகப் பேச வந்திருக்கிறாய், நல்ல மனசு, ஆனால் விலகலுக்கு ஆளே நேரில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார். அடையாள அட்டையை நீட்டினேன். அதில்தான் வினை. எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் எல்லோருக்கும் செய்வதை எனக்கும் செய்திருந்தார்: தாடையைச் சீவி, மூக்கை நிமிர்த்தி, கண்ணை விரித்து, தோலை வெளுத்து. படத்தைப் பார்த்து அம்மா அழுதாள். அதிலிருந்தவன் என்னைவிட இன்கியூ அண்ணனுக்குத்தான் நெருங்கின சொந்தம்.

பேராசிரியர் கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது அவன்தான். நீ யாருப்பா?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம். இரண்டு பேருக்கும் இடைநீக்கம். அண்ணனுக்குப் பிப்ரவரியில் பட்டமளிப்பு, மார்ச்சில் வேலை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தேஷிக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஜன்னலோரத்தில் உட்காருவானாம். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச்சுவர் கணக்குப்படி சாயக் கூடாதே, ஏன் சாய்கிறது என்று மூன்றாவது வாரம் கேட்டானாம். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறார்கள், ஒருவனும் கேட்டதில்லையாம். தேர்வு என்றால் மட்டும் பயத்தில் ஒடிந்துபோகிறானாம். பதினொன்று வாங்குகிற பையன் இல்லையாம் அவன். கேட்கக் கேட்க எனக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்டவன் ஏன் விலக வேண்டும் என்று ஒரு கணம் கவலைப்பட்டேன்.

"நாலரைக்குள்ள அவன வரச் சொல்லு. வாய்மொழியா ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். சொல்லிட்டான்னா பாஸ் போட்டுடறேன். விட்டுட்டுப் போறதெல்லாம் ஒரு வேலையா? நீ நண்பன்தானே, நீயும் எடுத்துச் சொல்லு."

சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டேன்.

இன்கியூ அண்ணன் கல்லூரி வாசல் கடையில் கடற்பாசித் தாளில் சுற்றிய முக்கோணச் சோறு, கிம்பாப், தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தேஷிக் என்ற பேரிலேயே போய்க் கையெழுத்தை மட்டும் வாங்கி வரும்படி கேட்டேன். பாடத்துக்கே வராத நீ இதில் மூன்றாம் மனுஷன், நானும் அவரும் பேசிக்கொள்கிறோம் என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்.

"டேய், நெசமாவே போறியா?"

"போறேண்ணே."

"போயி?"

"தெரியல."

"சரி, இருந்தா?"

"அதுவும் தெரியல."

"ரெண்டும் தெரியலன்னா எதுக்குடா இவ்ளோ அவசரம்?"

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் கவுண்டர சாத்திடுவாங்கண்ணே."

படிவத்தை வாங்கிக்கொண்டார். என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள், என் மாதிரி இருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டினார். நான் கீழே மாடிப்படியில் உட்கார்ந்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நான்கரை ஆயிற்று. பத்து நிமிஷம் கழித்து மேலே பேராசிரியர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான்கு ஐம்பதுக்கு அண்ணன் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. கையில் படிவம் இல்லை.

"கேட்டுட்டார்டா."

"என்ன?"

"அந்தச் சுவர் ஏன் சாயுதுன்னு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தெரியாதுன்னுதான் சொல்ல நெனச்சேன். மூணு மாசமா அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன். பின்னால தண்ணி தேங்குது சார், வடியறதுக்கு வெச்ச ஓட்டையெல்லாம் அடச்சுக்கிச்சு, தண்ணிதான் தள்ளுதுன்னு தானா வந்துருச்சு. கையப் புடிச்சுக் குலுக்கினாரு."

"படிவம்?"

"மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டாரு. அசட்டுத்தனம் பண்ணாதேன்னாரு. பாஸ்டா நீ. அந்த ஒரு பாடம் போதும், சராசரி நூலிழைல தப்பிச்சிடும். எச்சரிக்கை வராது."

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். இன்னொரு படிவம் தந்தார்கள். மூன்று கட்டமும் வெள்ளையாக இருந்தன. முதல் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். முத்திரை அறையில் இருந்தது, மூன்றாவது கட்டம் எப்போதும்போல் மேங் பேராசிரியரிடம் இருந்தது. ஐந்து மணிக்கு கவுண்டரில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கவுண்டர் திரையை இறக்கினாள்.

அண்ணன் வெளியே காத்திருந்தார். அடுத்த செமஸ்டர் மண் இயக்கவியல் இரண்டாம் பாகமாம். இருபது பேர்தானாம். பேராசிரியர் தேஷிக்கை முன்வரிசைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம், அவரே எதிரில் நின்று பாடம் நடத்துவாராம். நான் அண்ணனைப் பார்த்தேன். பிப்ரவரிக்கு அப்புறம் நான் இங்க இருக்க மாட்டேண்டா என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மிச்சமிருந்த கிம்பாப்பை என்னிடம் கொடுத்தார்.

நூலகத்துக்குப் பின்னால் போகும்போது அம்மா கூப்பிட்டாள். சுவர் சாய்ந்துதான் இருந்தது. அந்த வழியாக நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

"முத்திர நல்லா விழுந்துச்சாடா?"

"விழுந்துச்சும்மா."

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"ஒரே தடவதான்."

"அப்ப அத அங்கயே வெச்சுக்கோ," என்றாள். "படிக்கிற புள்ள, திரும்பத் தேவைப்படும்."