குச்சிப்பூச்சி இருந்த பாட்டில்

பள்ளியில் ஆய்வு நாளன்று காலையில் சந்திரவல்லி டீச்சரின் குச்சிப்பூச்சி காணாமல் போனது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு என்பதால் முதலில் அவள் பதறவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு உருமறைப்புப் பாடம். புத்தகத்தில் பனிக்கரடி போட்டிருந்தார்கள். போடியில் பனிக்கரடிக்கு எங்கே போவது? "கண்ணு முன்னால இருந்தும் தெரியாத உயிரு எதையாச்சும் உங்க ஊருலருந்து கொண்டாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். குரங்கணியிலிருந்து வரும் வேலுத்தாய் ஒரு குச்சிப்பூச்சியைப் பிடித்து, ஏலக்காய் லோடு ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கொய்யாக் குச்சிகளோடு அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, மேசையில் வைத்திருந்தார்கள்.

இப்போது பாட்டிலில் பளபளவென்று குரோட்டன்ஸ் இலைகள் இருந்தன.

"காஞ்ச குச்சியப் போயி பாட்டில்ல வச்சிருக்கீகளே டீச்சரம்மா" என்றாள் ஆயா சுப்புத்தாய், வாசலில் விளக்குமாற்றைச் சாய்த்துக்கொண்டே. "பெரிய ஆபீசரு பாத்தா என்ன நெனப்பாரு? கூட்டி அள்ளிட்டு நல்ல எலையாப் பாத்து வச்சிருக்கேன்."

பதில் சொல்வதற்குள் அதிகாரி ராஜாராம் உள்ளே வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

இன்று அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் சந்திரவல்லியின் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் தேவாரம் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அவள் சுவரோடு ஒட்டி நின்றே வளர்ந்தவள். அசையாமல் இருந்தால் யாரும் நம்மைத் தேட மாட்டார்கள் என்பதை எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கல்யாணப் பேச்சுகூட அப்படித்தான் அவளைத் தாண்டிப் போனது.

அதிகாரி பாட்டிலை எடுத்தார். "இதுல என்னம்மா இருக்கு?"

அவள் சுவர்ப்பக்கம் ஒதுங்கினாள். வேலுத்தாய் எழுந்தாள். "குச்சிப்பூச்சி சார். நாந்தேன் பிடிச்சாந்தேன்."

அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பினார். வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆங், இந்தா இருக்கே" என்றார். "இலைக்கு அடியில. காலெல்லாம்கூடத் தெரியுதே. என்ன படைப்பு பாருங்க!"

வேலுத்தாய் எட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். சந்திரவல்லி அசையவில்லை. தான் பொய் சொல்லவில்லை என்று மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். மனசு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

அதிகாரி எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

"ஆத்தே! ஈர்க்கு நடக்குதுடியோய்!"

சுப்புத்தாய் விளக்குமாற்றை ஒரு கையால் தூரப் பிடித்தபடி உள்ளே ஓடிவந்தாள். அதில் ஓர் ஈர்க்கு மட்டும் கால் மாற்றிக் கால் வைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆள்களைக் கண்டதும் நின்றது. மறுபடி ஈர்க்காகிவிட்டது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வச்சிருந்தீங்களாம்மா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளைப்போல அவரும் சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறார். ஆமாம் என்றால் இருவரும் பிழைத்துக்கொள்ளலாம். வேலுத்தாய் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதான் சார். வேலுத்தாய் கொண்டாந்தது ஒண்ணுதான்."

"அப்ப நான் பாத்தது?"

"குரோட்டன்ஸ் காம்பு சார்."

பின் பெஞ்சில் யாரோ வாயைப் பொத்தினார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளக்குமாற்றின் அருகே குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

வேலுத்தாய் முன்னால் வந்து மெல்ல ஊதினாள். ஓர் ஈர்க்கு மட்டும் கால் மாற்றி வைத்தது. "இப்பத் தெரியுதா சார்?"

"தெரியுது."

"நெசமாவா சார்?"

"நெசமாத்தேன்" என்றார் அதிகாரி.

பிறகு நாற்காலிக்குத் திரும்பி எழுதினார். எழுதியதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்: 'உயிருள்ள மாதிரியைக் கொண்டு பாடம் நடத்துகிறார். மாதிரியை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கண்டேன். நிரந்தரம் செய்யலாம்.'

"டீச்சரம்மா" என்றாள் சுப்புத்தாய். "வராந்தா பாதிதேன் கூட்டிருக்கு. என் வெளக்குமாத்துலருந்து அத எடுத்துட்டா வெரசா முடிச்சிருவேன்."

சந்திரவல்லி பூச்சியை எடுக்கக் கை நீட்டினாள். விரல்கள் நடுங்கின. அசையாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தாள். கை கேட்கவில்லை.