மேடைப் பொருட்களுக்கு இருபது மதிப்பெண்

"அவள் அந்த மென்மயிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டது குளிருக்காகவா, பகட்டுக்காகவா? காரணம் காட்டுக." ஜோய்லின் மேம் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கைத்தூசியைத் தட்டிக்கொண்டாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பதினாறு பேர், ஞாயிறு மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டு, ஊர்மன்றக் கட்டடத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். மேமுக்குத்தான் இருபத்தாறு வயது.

மூன்றுசக்கர வண்டி ஓட்டும் ரொமுலோ கை தூக்கினான். "மேம், அவ்ளோ குளிர்ற ஊர்ல எப்படி மேம் தெனமும் குளிப்பாங்க?"

"எவன்டா அங்க குளிக்கிறான்? எல்லாம் உன்ன மாதிரிதான்," என்றாள் சந்தையில் மீன் விற்கும் பாசிங். மேமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஃபெலிசா மட்டும் சிரிக்கவில்லை. பாடப் புத்தகத்தில் தியாகம், பகட்டு, ஆசை என்ற தலைப்பில் மூன்று கதைகள் இருந்தன. தங்கையின் கல்யாணத்துக்காக உலைமுன் நின்று நின்று கண்ணைப் பறிகொடுத்த கண்ணாடித் தொழிலாளியின் கதை ஒன்று. அதைப் படித்து எல்லோரும் அழுதார்கள். அவளைப் பிடித்துக்கொண்டதோ இந்தக் கோட்டுக் கதைதான். ஒரு தையல்கடை வேலைக்காரி, சீமாட்டி ஒருத்தியின் வீட்டில் கொடுக்கவேண்டிய கோட்டை, பனி கொட்டும் வழியில் தான் போட்டுக்கொள்கிறாள். எதிரே வந்த கனவான் தொப்பியைத் தூக்கி வணங்குகிறான். அந்த வணக்கத்துக்காக அவள் இன்னொரு தெருவைச் சுற்றுகிறாள், பிறகு இன்னொன்று. வீட்டில் புருஷன் மருந்துக்குக் காத்துக் கிடக்கிறான். அவன் ஜன்னலில் எரிந்த விளக்கு அணைந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் ஃபெலிசா அதை நான்கு முறை படித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் முதல் தெருமுனையிலேயே, போதும்டி, வீட்டுக்குப் போ என்று அவளிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

"அடுத்த வாரம் இதை நடிச்சுக் காட்டணும்," என்றாள் மேம். "நம்ம ஊர்ல நடக்கிற மாதிரி மாத்திக்குங்க. கோட்டுக்கு எங்க போறது, நகையா வச்சுக்கலாம். நடிப்புக்கு நாப்பது, வசனத்துக்கு நாப்பது, மேடைப் பொருளுக்கு இருபது. வீடியோ எடுத்து உங்க கோப்புல வைக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

"ஃபெலிசா அக்காதான் கதாநாயகி," என்று பாசிங் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். "கழுத்து நீளம்."

தன் கழுத்து நீளமென்று முப்பத்தேழு வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஃபெலிசா இருந்தது, கல்யாணமே செய்துகொள்ளாத முதலாளியம்மா சென்யோரீட்டா அம்பாரோவின் வீட்டில். பதினான்கு வருஷமாகச் சமையல், துணி, தோட்டம் எல்லாம் அவள் பொறுப்பு. ஊர்க் கோயிலின் மாதா சுரூபத்தை உடுத்தி அலங்கரிக்கும் உரிமை நான்கு தலைமுறையாக அந்த வீட்டுக்கு உண்டு. மாதாவின் அங்கிகளும் முடியும் நகைகளும் மாடியறைப் பெட்டியில் இருந்தன. எண்பத்திரண்டு வயது சென்யோரீட்டா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து, ஆறு வருஷமாக, பெட்டிச் சாவி ஃபெலிசாவின் இடுப்பில்தான். ஊர்வலத்துக்கு முன் மாதாவுக்கு உள்ளாடை முதல் மேலங்கி வரை உடுத்துவதும் அவளேதான். அப்போது ஆண்கள் யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது. மாதாவுக்குக் கொடுத்த பொன்னை மனுஷி யாரும் பூணவும் கூடாது. பூண்டால் மாதா அவள் வீட்டிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வாள் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஃபெலிசாவுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள். தங்கக் கம்பியை நூலாக்கிப் பின்னிய, நெல்லிக்காய் அளவு மணிகள் கோத்த அந்த மாலையை எப்படியும் மே மாதத்தில் கழுவித் துடைக்கவேண்டும், அதை ஒரு வாரம் முன்னால் செய்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஜிகினாத் தாளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றால் இருபது மதிப்பெண் எப்படி வரும் என்றும் கேட்டுக்கொண்டாள். எல்லாம் சால்ஜாப்பு. ஆறு வருஷமாக இன்னொருத்தி கழுத்தில் மாட்டிவிட்டதை ஒரு பத்து நிமிஷம் தன் கழுத்தில் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

நடிப்பன்று அவள் மாலையைப் பூட்டிக்கொண்டு திரும்பியதும் ரொமுலோ தொப்பியைத் தூக்கவேண்டும். அவன் தூக்க மறந்துபோய் நின்றான். ஃபெலிசா கற்பனைத் தெருவொன்றில் நடந்தாள், திரும்பினாள், இன்னொரு முறை நடந்தாள். "இன்னும் ஒரே ஒரு தெரு," என்ற வசனத்தை அவள் சொன்னபோது மேமின் கண்ணில் நீர் கட்டியது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு போட்டாள்.

பாசிங் அந்த வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டாள். நல்லெண்ணம்தான், பாவம். சாயங்காலத்துக்குள் முந்நூறு இதயம் விழுந்தது. 'சினிமாவுல நடிக்கப் போலாம் அக்கா' என்று ஒருத்தர் எழுதினார். பிறகு ஒருத்தி, 'இது நம்ம மாதாவோட மாலை மாதிரி இல்ல?' என்றாள். அதன் கீழே இன்னொருத்தி, 'மாதிரி என்ன மாதிரி, அதேதான்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. பாசிங் அலறியடித்து வீடியோவை எடுப்பதற்குள் ஊர் பார்த்துவிட்டது. மறுநாள் சந்தையில் தக்காளிக்காரி ஃபெலிசாவின் கையில் படாமல் சில்லறையைப் பலகைமேல் வைத்தாள்.

சென்யோரீட்டா கூப்பிட்டது மூன்றாம் நாள். விரட்டிவிடுவாள் என்று நினைத்து ஃபெலிசா காலையிலேயே தன் துணிகளை மடித்து வைத்திருந்தாள். கிழவியோ தலையணையை உயர்த்தச் சொன்னாள், மூக்குக்கண்ணாடியைக் கேட்டாள். பிறகு, "காட்டு," என்றாள்.

பாசிங் அனுப்பிய பிரதி ஃபெலிசாவின் போனில் இருந்தது. சென்யோரீட்டா ஒரு முறை பார்த்தாள், இன்னொரு முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஃபெலிசாவுக்கு விளங்கவில்லை.

"பத்தொம்பது வயசு. மே மாசத் திருவிழா, ராத்திரி நடனம். அம்மாக்குத் தெரியாம போட்டுட்டுப் போனேன். மூணே மூணு பாட்டுக்கு ஆடினேன். அந்த வாரமே எங்க அண்ணன் இக்னாசியோ போயிட்டான். படகு கவுந்துச்சு. பொணம் கிடைக்க நாலு நாளாச்சு." சொல்லும்போது கிழவியின் குரலில் அழுகை எதுவும் இல்லை. "உன்கிட்ட மாதா என்ன கேட்டா?"

"இன்னும் ஒண்ணும் கேக்கல, சென்யோரீட்டா."

"டென்சியோ எங்க இருக்கான் இப்ப?"

டென்சியோ ஃபெலிசாவின் புருஷன். ஜென்சான் துறைமுகத்துச் சூரைமீன் படகில் போய் நான்கு மாதமாகிறது. நடுக்கடலில் போன் எடுக்காது. படகிலிருந்து ரேடியோவில் பேசுவதைக் கேட்டு, கம்பெனி ஆபீஸிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு செய்தி அனுப்புவார்கள்: எல்லாரும் நலம். அந்த இரண்டு வார்த்தையில்தான் அவள் வாரம் ஓடியது.

"அவளா எடுக்கறதுக்கு முன்னாடி நீயா குடுத்துடு," என்றாள் சென்யோரீட்டா. "உனக்கு எது உசுரோ அதை நேந்துக்க. எனக்கு அப்ப சொல்ல ஆளில்ல. உனக்கு நான் இருக்கேன்."

"என்கிட்ட என்ன இருக்கு குடுக்க?"

"பரிச்சை இருக்கே."

ஜூன் முதல் ஞாயிறு பரீட்சை. தேறினால் பத்தாம் வகுப்புக்குச் சமம். அந்தச் சான்றிதழ் இருந்தால் இலோய்லோ நகரத்தில் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சியில் சேரலாம், அதை முடித்தால் நல்ல சம்பளம், அப்புறம் டென்சியோ கடலுக்குப் போகவே வேண்டாம். அவனைக் கரையேற்றுவதற்காகத்தான் இரண்டு வருஷமாக அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். இப்போது அவனைக் காப்பாற்ற அதையே விடச் சொல்கிறாள் கிழவி. ஃபெலிசா தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே பிற்பாடு நினைவில்லை.

மே கடைசியில் ஊர்வலம் நடந்தது. மாதாவுக்கு நீல அங்கி உடுத்தி, மாலையைப் பூட்டினாள். மன்னிச்சுக்கோ தாயே என்று சொன்னாள். சுரூபத்தின் கண்ணாடிக் கண்கள் வழக்கம்போல அவளைத் தாண்டி எங்கோ பார்த்தன. சப்பரம் கடைத்தெருவில் போனபோது வழியில் மண்டியிட்ட பெண்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஃபெலிசாவின் கழுத்தைப் பார்த்தார்கள்.

ஊர்வலம் முடிந்த இரண்டாம் நாள் சோறு குழைந்துபோயிற்று. அடுப்படியில் நின்றபடியே அவள் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அந்த வீட்டுக் கல்லறைகளைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பது அவள்தான். இக்னாசியோவின் கல்லும் அதில் உண்டு. எழுத்துக்குள் படிந்த பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு எழுத்தும் அவளுக்கு மனப்பாடம். திருவிழா நடனம் மே மாதம். கல்லில் இருப்பது அக்டோபர்.

கஞ்சியை ஊட்டும்போது மெதுவாகக் கேட்டாள். "சென்யோரீட்டா, உங்க அண்ணன் கல்லுல அக்டோபர்னு போட்டிருக்கே."

கிழவி கஞ்சியை விழுங்கினாள். உதட்டைத் துடைக்கும்வரை காத்திருந்தாள். "மாதா அவசரப்படமாட்டா," என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ போயிட்டா அவளுக்கு யாரு உடுத்துவா? என்னை யாரு திருப்பிப் படுக்க வைப்பா?" என்றாள்.

ஃபெலிசா கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுவினாள். கிழவி பொய் சொல்கிறாள் என்று கோபம் வந்தது. பொய் இல்லை, அறுபது வருஷக் குற்ற உணர்ச்சியில் ஐந்து மாதம் ஒரு வாரமாகச் சுருங்கிவிட்டது என்று இரக்கமும் வந்தது. தன்மேல் பாசத்தால் எச்சரிக்கிறாளா, தனியாகச் சாகப் பயந்து கட்டிப்போடுகிறாளா? காரணம் காட்டுக என்று மேம் கேட்டால் இரண்டு பக்கமும் எழுதலாம். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. மாதா அவசரப்படமாட்டாள் என்றால் இந்த வருஷப் பரீட்சையை விட்டாலும் அடுத்த வருஷமும் பயப்படவேண்டும். டென்சியோ கடலில் இருக்கும்வரை பயப்படவேண்டும். அவன் கடலை விட்டு வர ஒரே வழி அந்தச் சான்றிதழ்தான்.

சனிக்கிழமை செய்தி வரவில்லை. இதற்கு முன்னும் இரண்டு முறை ஞாயிறு மத்தியானம் வந்ததுண்டு என்று பலமுறை சொல்லிக்கொண்டாள். ஞாயிறு காலை சென்யோரீட்டாவைக் கழுவி, உடைமாற்றி, பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்தாள். வாசலில் ரொமுலோவின் வண்டி நின்றது. உள்ளே பாசிங் எதிர்ப்பலகைக்கு நகர்ந்து, ஃபெலிசாவுக்கு இடம் விட்டாள். தொடாமல் உட்காரவும் அந்த இடம் போதுமாயிருந்தது.

பரீட்சை பள்ளிக்கூடத்தில். முப்பது பேர். கண்காணிக்க வந்த அதிகாரி எல்லாப் போன்களையும் ஒரு தகரப் பேசினில் வாங்கி மேசைமேல் வைத்தார். அணைக்கச் சொல்லியிருந்தார். ஃபெலிசா அணைக்கவில்லை, ஒலியை மட்டும் நிறுத்தினாள். அவளைப் போல இன்னும் எத்தனை பேரோ.

கணக்கு முடிந்தது. கடைசித் தாள் கட்டுரை. 'நீங்கள் படித்த கதையொன்றில் ஒருவர் இழந்ததை எடுத்துக்கொள்க. அது அவராக விட்டுக்கொடுத்ததா, அவரிடமிருந்து எடுக்கப்பட்டதா? காரணம் காட்டுக.' ஃபெலிசா கோட்டுக்காரியைப் பற்றி எழுதத் தொடங்கினாள். கை நிற்காமல் ஓடியது. முதல் தெரு, இரண்டாம் தெரு, தொப்பியைத் தூக்கிய கனவான். இந்த அளவுக்குத் தனக்கு எழுத வரும் என்று அவளே நினைத்ததில்லை.

அப்போது பேசினுக்குள் ஒரு போன் அதிர்ந்தது.

செய்தி என்றால் ஒரு நடுக்கத்தோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. யாரோ அழைக்கிறார்கள். கம்பெனி ஆபீஸ் ஒருநாளும் அழைத்ததில்லை. முப்பது தலைகளும் நிமிர்ந்தன. பாசிங் சிலுவை போட்டுக்கொண்டு ஃபெலிசாவைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி, "எழுதுங்க, எழுதுங்க. எழுந்தா தாளை வாங்கிடுவேன்," என்றார். தகரத்தின் அதிர்வில் எல்லாப் போன்களும் சேர்ந்தே நடுங்கியதால் எது யாருடையதென்று தெரியவில்லை. நின்றது. ஃபெலிசா மூச்சை விட்டாள். மறுபடி தொடங்கியது.

அவள் தாளைப் பார்த்தாள். பாதியில் நின்ற வாக்கியத்தின் கீழே நான்கு வரி வெறுமையாக இருந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்த இடதுகை தானாக உடம்பைத் தூக்கப் பார்த்தது. வலதுகை பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. மேசைமேல் பேசின் அதிர்ந்து அதிர்ந்து, இம்மி இம்மியாக, விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.