வாய் திறந்த மிருகம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மாத்தளையில் லொறிகளுக்குப் படம் வரையும் ஜவாஹிரின் கராஜில், வெறும் வெள்ளைப் பூச்சோடு ஓர் எலக்ட்ரிக் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் படமில்லை என்று கேட்டேன். சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘2007, மழை தூறிய ஒரு மாலை, நோபர்ட்...’

வேண்டாம். 2007 இருக்கட்டும், போர் நடக்கும் வருடம். மழைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

நோபர்ட் கல்யாண வீடுகளில் வாசிக்கிறவன். அந்தக் கிட்டார் அவன் கைக்கு அளவெடுத்துப் பலா மரத்தில் செய்வித்தது. அதில் வைக்கிங் கப்பல் வேண்டுமென்பது பள்ளிக்கூடக் காலத்து ஆசை. வடகடல் கொள்ளையர்களின் கப்பல். முகப்பில் வாய் பிளந்து பல் காட்டும் மிருகத் தலை. பழைய புத்தகத்திலிருந்து கிழித்த படத்தை நீட்டினான்.

ஜவாஹிர் படத்தைப் பார்த்தார். பிறகு நோபர்ட்டைப் பார்த்தார்.

“வாயத் தொறந்த மிருகம் வேணாம் தம்பி. பல்லக் கண்டா புலின்னுதான் சொல்லுவாங்க.”

“இது புலி இல்ல ஜவாஹிர் நானா. புலிக்கோடு எங்க இருக்கு?”

“பலாபத்வல செக்பாயின்ட்ல நின்னு அதக் காட்டுவியா?”

நோபர்ட்டுக்குச் சுருக்கென்றது. போன மாதம் அதே இடத்தில், அடையாள அட்டையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் அவனை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பழைய கிட்டாரின் பெட்டியைக் கொட்டிக் கிளறி, பொழுது சாயும்வரை நிற்கவைத்தார்கள். அன்றைய கல்யாணம் அவன் வாசிக்காமலே முடிந்தது.

(அவன் குழுவில் பேஸ் வாசிக்கும் சிங்களப் பையன் ருவனின் கிட்டாரில் பல்லிளிக்கும் மண்டையோடு, வாயில் கத்தி. இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. ருவன் நல்லவன். அவனைக் குறை சொல்ல அல்ல இந்த அடைப்புக்குறி.)

3

“சரி, கோடாலி?”

“ஆயுதம்.”

“கப்பல் மட்டும்?”

“கடல்லயும் புலி இருக்கு. வர்றது யாருன்னு கேப்பாங்க.”

“ரெண்டு காக்கா? அதுவும் வைக்கிங் கொடியில இருக்கிறதுதான்.”

“காக்கா வரையலாம்,” என்றார் ஜவாஹிர். “வாய மூடின காக்கா.”

நோபர்ட் மேசையில் ஓங்கி அறைந்தான். “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்த கொள்ளைக்காரனுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா? நாங்க வாய மூடிக்கிட்டு இருக்கிறது பத்தாதா? படமும் மூடணுமா?”

“என்மேல பாயாத! வரைஞ்சவன் யாருன்னு இங்கயும் வருவாங்க. எனக்கு வீட்ல பொம்புளப் புள்ளைங்க இருக்கு.”

4

இந்த இடத்தில் நான் கை வைத்தேன். ‘கடைசியில் நோபர்ட் ஒரு ரோஜாப்பூ கேட்டான். செக்பாயின்ட்டில் ஆமிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்து வழிவி...’

அடித்துவிட்டேன். அந்த ரோஜாவை யாரும் என்னிடம் கேட்கவில்லை; நானாகவே எழுதினேன். சோதனைச் சாவடியை என் மேசைக்கே கொண்டுவந்து, என் ஆளை நானே இறக்கிச் சோதித்திருக்கிறேன். என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

இன்னொரு முடிவு: மிருகம் வாய் பிளந்திருக்கிறது, நோபர்ட் தலை நிமிர்ந்து பஸ் ஏறுகிறான். அதையும் அடித்தேன். எழுதுகிறவனுக்கு வீரம் சும்மா கிடைக்கும். பஸ்ஸிலிருந்து இறக்கப்படுவது நோபர்ட்.

5

சனிக்கிழமை தம்புள்ளையில் கல்யாணம். ஜவாஹிர் பிரஷை நனைத்துவிட்டார். நோபர்ட் கிழித்த படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கிட்டார் இன்னும் வெள்ளை.

ஜவாஹிர் சொன்னது இதுவரைதான்; முடிவு என்னிடம் இல்லை. நீங்களே சொல்லுங்கள்: மிருகம் வாயைத் திறக்கட்டுமா, மூடட்டுமா? சொல்வதற்கு முன் உங்கள் அடையாள அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.