கெண்டைக்கால் இணைப்பு

எங்கள் மின்சாரப் பிரிவு அலுவலகத்தில் வீடு, கடை, பம்புசெட்டு, தசையிழை என்று நான்கு வகை இணைப்புகள் உண்டு. முதல் மூன்றுக்கும் மனிதர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். நான்காவதற்கு இழைகளே நேரில் வந்துவிடும். அவற்றின் புகார்ப் பதிவேடு இருபத்தொன்பது வருடமாக என் மேசையில்தான் இருக்கிறது.

இழைகளில் இரண்டு ரகம். சிவப்பு இழைகள் நிதானமானவை. வந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொல்லும். காற்று இருந்தால்தான் அவற்றுக்கு அடுப்பு எரியும். கொழுப்பை மெல்லிய தீயில் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். வெள்ளை இழைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மடியில் கட்டிக்கொண்டு வந்த சர்க்கரையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, சொல்ல வந்ததைப் பத்து வினாடிக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். அவை நின்ற இடத்தில் புளித்த வாடை அடிக்கும். ஈரத்துணி போட்டுத் துடைப்போம்.

எனக்கு வெள்ளைகளைத்தான் பிடிக்கும். இந்த வேலையே அவற்றால் கிடைத்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் வாங்கிய சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து நாற்காலியில் இருக்கிறேன்.

ஐம்பது தாண்டியதும் என் கால்களில் இருந்த வெள்ளை இழைகளுக்கு லைன் ஒவ்வொன்றாக அற்றுப்போகத் தொடங்கியது. எல்லோருக்கும் நடப்பதுதான். முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு லைன்களில் வேகமானவை முதலில் பட்டுப்போகும். லைன் போன இழைக்கு எங்கள் விதிப்படி முப்பது நாள் அவகாசம். அதற்குள் அருகில் உள்ள உயிருள்ள லைனிலிருந்து இழுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இழை வற்றிவிடும். அருகில் இருப்பது பெரும்பாலும் சிவப்பின் லைன். அதில் சேர்ந்த வெள்ளை இழை கொஞ்ச நாளில் தானும் சிவந்து, ஜன்னலைத் திறக்கச் சொல்ல ஆரம்பித்துவிடும். தான் ஓடியது அதற்கு மறந்துபோகும்.

போன ஆவணியில் என் வலது கெண்டைக்காலின் கடைசி வெள்ளை இழைக் கட்டு மேசைக்கு எதிரே வந்து நின்றது. "லைன் போச்சு" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

பதிவேட்டில் எழுதினேன். எழுதும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு மைதானத்தில் என்னோடு ஓடியதில் அந்தக் கட்டு ஒன்றுதான் மிச்சம்.

அன்றைக்கு என்றால் எண்பத்தெட்டில். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்கு இடையிலான தொடர் ஓட்டம். மூன்றாவது ஆள் நான், நாலாவது பிளாரன்ஸ். ஹாஸ்டலில் அவள் என் பக்கத்துப் பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். நான் வீட்டிலிருந்து கொண்டுவரும் எலுமிச்சை ஊறுகாயில் பாதி அவளுக்கு. ஒரு தடவை பாட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் உட்கார்ந்து முழுவதையும் தின்றுவிட்டு, வயிற்றுவலி என்று இரண்டு நாள் படுத்திருந்தாள். அவளை மாதிரி ஒரு சிநேகிதி எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

வளைவில் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தேன். பிளாரன்ஸ் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். ரிலே கட்டையை அவள் கையில் வைத்தேன். வைத்தேனே தவிர, விடவில்லை. தசை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கப் புதிதாகச் சக்தி தேவையில்லை, விடுவதற்குத்தான் வேண்டும். என் விரல்களில் அது தீர்ந்திருந்தது.

"விடுட்டி! விடு!" என்று பிளாரன்ஸ் கத்தினாள்.

இரண்டு பேரும் ஒரே கட்டையைப் பிடித்துக்கொண்டு மிச்சமிருந்த நூறு மீட்டரையும் ஓடினோம். முதலாவதாக வந்தோம். நடுவர்கள் எங்கள் பள்ளியின் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்குத் தனி ஓட்டத்தின் சான்றிதழ் இருந்தது. பிளாரன்ஸுக்கு வேறு சான்றிதழ் எதுவும் இல்லை, ஒதுக்கீட்டு வேலையும் கிடைக்கவில்லை. அவள் நாகர்கோவிலுக்குப் போய் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தாள். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

கட்டின் மனுவை இருபத்தேழு நாள் மேலே அனுப்பாமல் வைத்திருந்தேன். அது தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. நாளுக்கு நாள் இளைத்தது. லைன்மேன் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, சிவப்புல சேத்து விட்டுருவோம். உசிராவது இருக்கும்லா."

"சேத்தா எல்லாம் மறந்துருமே."

"வத்திட்டா மட்டும் ஞாபகம் இருக்குமாக்கும்?"

அதுவும் சரிதான். அன்று மத்தியானம் பிளாரன்ஸுக்குப் போன் செய்தேன். நம்பரை வாங்கி வைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. "நான் பேராச்சி. அந்தக் கட்டுக்கு லைன் போயிட்டு" என்றேன். எந்தக் கட்டு என்று அவள் கேட்கவில்லை. முப்பதாம் நாள் காலையில் வருவதாகச் சொன்னாள்.

வந்தாள். தலை முழுக்க நரை. சேலைக்கு ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தாள். மூத்தோர் போட்டிகளில் இன்னும் ஓடுகிறாளாம். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் காலை என் காலோடு ஒட்டி நீட்டினாள்.

"என்னால உன் வாழ்க்கையே போச்சு. மன்னிச்சுரு பிளாரன்ஸ்" என்றேன்.

"ஊறுகா இருக்காட்டி?"

"இருக்கு."

"எலுமிச்சையா, நார்த்தங்காயா?"

"எலுமிச்சை."

"அப்ப சரி" என்றாள்.

ஆவுடையப்பன் டேப் வைத்து அளந்தார். என் காலில் சிவப்பு லைன் ஆழத்தில் கிடந்தது. கட்டு இருந்த இடத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர். பிளாரன்ஸின் வெள்ளை லைன் அவள் தோலுக்கு அடியிலேயே ஓடியது, மூன்றேகால். அருகில் உள்ள உயிருள்ள லைன் என்றுதான் விதியில் இருக்கிறது, யார் காலில் என்று இல்லை. அவர் இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டு, பிளாரன்ஸ் காலிலிருந்தே இழுத்துக் கொடுத்தார். அவள் சம்மதக் கையெழுத்துப் போட்டாள். கட்டு பெஞ்சிலிருந்து எழுந்து என் காலுக்குள் போனது. சாயங்கால பஸ்ஸில் அவள் ஊருக்குக் கிளம்பியபோது லைனும் கூடவே நீண்டு போனது. நாகர்கோவில் வரை தாராளமாக எட்டியது.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு அவள் அங்கே ஓடும்போது என் வலது கால் இங்கே கட்டிலை உதைத்தது. வீட்டுக்காரர் சுவரோரமாகப் படுக்கப் பழகிக்கொண்டார். ஒருமுறை பருத்த இழை எவ்வளவு இளைத்தாலும் அதன் உட்கருக்கள் வீட்டைக் காலி செய்வதில்லை. அதனால் இரண்டே மாதத்தில் கட்டு பழைய பருமனுக்கு வந்துவிட்டது.

தை மாதம் மதுரையில் மூத்தோர் தொடர் ஓட்டம். பிளாரன்ஸ் நாலாவது ஆள். மூன்றாவதாக என் வலது காலின் பெயரைக் கொடுத்திருந்தாள். அன்று விடிந்ததும் அதைக் கழற்றி மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இடத்தில் உட்கார வைத்தேன். நான் ஆவுடையப்பனின் வண்டியில் அலுவலகம் வந்தேன்.

பதினோரு மணிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது என் விரல்கள் பேனாவை இறுக்கிப் பிடித்தன. எழுத முடியவில்லை. வலிக்கும் வரை பிடித்திருந்தன. பிறகு தானாக விரிந்தன. பேனா உருண்டு கீழே விழுந்தது.

போன் அடித்தது. பிளாரன்ஸுக்கு மூச்சு வாங்கியது.

"விட்டுட்டட்டி" என்றாள். "இந்தத் தடவ விட்டுட்ட."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பெஞ்சில் இருந்த சிவப்பு இழைகள் ஜன்னலைத் திறந்துவிட்டன.

சாயங்காலம் கால் வந்து சேர்ந்தது. கெண்டையில் செம்மண் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன். எலுமிச்சை ஊறுகாய் கேட்டது. வீட்டில் நார்த்தங்காய்தான் இருந்தது.